சுபைதா ராத்தாவின் நாம்பன்

அன்று மதரசா முற்றத்தைச் சுற்றி நின்றவர்கள் இவர்கள்.

பள்ளிவாசல் தலைவர் ஹாஜியார், கதவடியில். மௌலவி, ஜுப்பாவை முழங்கால் வரை தூக்கிக் கட்டியபடி. அறுக்க வந்த இருவர், கத்திகளைச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு. சுபைதா ராத்தா, எங்களுக்கெல்லாம் அக்கா, மதிலுக்கு வெளியே. அவரோடு கருவாடு காயப்போடும் பெண்கள் ஆறு பேர், அவருக்குப் பின்னால். புவனா மிஸ், மதரசாவின் மொட்டை மாடியில், தாளும் பென்சிலும் கையில். நான், மாடிக்குப் போகும் ஏணியடியில். நடுவில் ஒரு நாம்பன். வளர்ந்து முடிந்த இளங்காளை, செம்மண் நிறம், குட்டைக் கொம்பு. இடது பின்னங்காலை அது நிலத்தில் முழுதாக ஊன்றவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் காலை. தொழுகை முடிந்திருந்தது. குர்பான் பலியாகக் கொடுக்க வேண்டிய மாட்டின் கால் அது.

அந்தக் காலைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன் நான் யார் என்று கொஞ்சம் சொல்லவேண்டும்.

மாடு பார்ப்பது என் வேலை. மேய்ப்பது அல்ல, பார்ப்பது. வண்ணாத்திவில்லுப் பக்கம் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் இறைச்சி மாடுகளின் நடத்தையைப் படித்தார்கள். எப்போது படுக்கிறது, யாரோடு நிற்கிறது, எதைக் கண்டு திரும்புகிறது. அதைப் படித்தவர் புவனா மிஸ். அவருக்காகப் பார்த்தவன் நான். ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் பின்னேரமானால் வீட்டில் இருக்க முடியவில்லை. எழும்பி நடக்கிறேன். பாதையோரம் மாடு நின்றால் நானும் நிற்கிறேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போன மாதம் பண்ணையிலிருந்து புதுப் பிள்ளைகள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது மாட்டின் கழுத்தில் ஒரு பட்டி கட்டுகிறார்களாம். எத்தனை முறை படுத்தது, எவ்வளவு நேரம் இரை மீட்டது, எல்லாம் போனில் வருமாம். நல்லது. அன்றைக்கே அது இருந்திருந்தால் எனக்குக் கொசுக்கடியாவது தப்பியிருக்கும். "நீங்க எப்படிப் பார்த்தீங்க சேர், எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். சேர் என்றார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தோம். உடுத்த உடுப்போடு. எனக்கு இருபத்து நாலு வயது. முகாமில் கிடந்தோம், உப்பளத்தில் கூலிக்குப் போனோம், பிறகு களப்போரம், கடலேரிக் கரையில், ஒரு துண்டுக் காணி கிடைத்துக் குடியேறினோம். அங்கிருந்து பண்ணைக்குப் புல் வெட்டப் போனேன். அந்த நாளில்தான் புவனா மிஸ் அங்கே புதிதாக வந்தார். உடப்பு ஊர் ஆள், இந்து. மிருக வைத்தியம் படித்தவர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க கனக்கக் கதைக்கிறதில்லையாம்."

"ஓம்."

"ஒரு இடத்தில இருந்தா இருப்பீங்களா?"

"இருப்பன்."

"அது போதும்."

நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான்.

முதல் வருஷம் முழுக்கச் சண்டை. ஒரு மாடு லொறியைக் கண்டு பின்வாங்கியது. நான் தாளில் "பயந்தது" என்று எழுதினேன். மிஸ் அதை வெட்டினார்.

"பயம் உங்கட. மாட்டில என்னத்தக் கண்டீங்க?"

"காது பின்னுக்குப் போச்சு. வாலை ஒடுக்கிச்சு. தண்ணியாச் சாணி போட்டுது."

"அதை எழுதுங்க."

"அதத்தானே மிஸ் பயம் எண்டு சொல்றன்."

"சொல்லுங்க. எழுதாதீங்க."

மிஸ் கோபித்து நான் கண்டதில்லை. சத்தம் போட்டதில்லை. ஒரே சொல்லை ஒரே குரலில் மறுபடியும் சொல்வார். நாலாம் தரம் சொல்லும்போது நமக்கே வெட்கமாகிவிடும். காலையில் வந்ததும் முதலில் மாட்டைப் பார்ப்பார், பிறகுதான் மனிதருக்கு வணக்கம். மாட்டுக்குப் பக்கத்தில் போகும்போது வளையலைக் கழற்றிப் பையில் போடுவார். கடும் வெயிலிலும் குடை பிடிக்கமாட்டார், குடையைக் கண்டால் மாடு திரும்பும் என்று.

ஒரு முறையைச் சொல்கிறேன், அதிகம் செய்தது அதுதான். மாட்டுக்கு முன்னால் நின்று, ஒரு கையை நீட்டி, ஓர் எட்டு, பிறகு ஓர் எட்டு என்று நடக்கவேண்டும். கண்ணுக்குள் பார்க்கக்கூடாது. மாடு பின்வாங்கிய உடனே நிற்கவேண்டும். கைக்கும் மூக்குக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று குறிக்கவேண்டும். மூக்கைத் தொட விட்டால் பூச்சியம். அடிபட்ட மாடு தூரத்திலேயே திரும்பும். நன்றாகப் பார்த்த மாடு கையை நக்கும். மாட்டுக்காரன் வாயால் சொல்வது வேறு, மாடு சொல்வது வேறு. மாடு சொல்வதைத்தான் எழுதினோம்.

இன்னொரு தடவை, இறைச்சிக்குக் கொண்டுபோகும் லொறியில் மாடுகளோடு மிஸ்ஸும் ஏறினார். வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம். ஏறிவிட்டார். நான் முன்னால் சாரதிக்குப் பக்கத்தில். இறங்கும்போது அவருடைய தோள்மூட்டு நீலம் பாரித்திருந்தது. லொறியின் குறுக்குக் கம்பி. அடுத்த நாள் கொல்களத்தில் தொங்கிய உடல்களைப் பார்த்தோம். தோல் உரித்த இடத்தில், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய அதே உயரத்தில், அதே நிறத்தில் கண்டல் காயம். மிஸ் சட்டைக் கையைச் சுருட்டித் தன் தோளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கம்பிக்குச் சாக்குச் சுற்றும் வேலை அதிலிருந்துதான் தொடங்கியது.

இனிக் குர்பான் கதை.

பெருநாளுக்கு அறுக்கப்படும் மாடுகளைப் பார்க்கவேண்டும் என்று மிஸ் கேட்டார். எங்கள் பள்ளிவாசலில். அந்த நாளில் மாடறுப்பைத் தடை செய்யவேண்டும் என்று எங்கும் பேச்சு. இந்த நேரத்தில் வெளியாள் ஒருவர், அதுவும் ஒரு பெண், அதுவும் தாளும் பென்சிலுமாக. இருந்தும் போய்க் கேட்டேன். மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

பள்ளி அலுவலறையில் நாலைந்து பேர் கதிரைகளில் இருந்தார்கள். ஹாஜியார்தான் பேசினார்.

"மகள், நீங்க மாட்டிறைச்சி திங்கிற இல்லதானே?"

"இல்லை, ஹாஜியார்."

"திங்காத ஆளுக்கு என்னத்துக்குத் திங்கிற மாட்டப் பத்தி இவ்வளவு கவல?"

"திங்கிற ஆக்கள் கவலைப்படாததால."

மௌலவி சிரித்துவிட்டார். மௌலவி சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை.

"எங்கட குர்பான கொடும எண்டு எழுதினா?"

"கொடுமை எண்டு எழுதமாட்டன். அது என்ட சொல் இல்லை. கண்டதை எழுதுவன். நல்லதைக் கண்டா நல்லதை. மற்றதைக் கண்டா மற்றதை."

"அத முதல்ல எங்களுக்குக் காட்டுவீங்களா?"

"வாசிச்சுக் காட்டுவன். மாத்தமாட்டன்."

கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஹாஜியார் என்னைப் பார்த்தார். "சரூக், நீ என்ன சொல்ற?"

"மிஸ் பொய் எழுதமாட்டா. நான் பொறுப்பு" என்றேன்.

"உண்ம எழுதினாலும் நீதான் பொறுப்பு" என்றார் ஹாஜியார். அப்படித்தான் அனுமதி கிடைத்தது.

அந்த வருஷம் சுபைதா ராத்தாவும் மாடு வாங்கியிருந்தார். இது பெரிய விஷயம். ஒரு மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம். ராத்தாவும் அவரோடு கருவாடு போடும் ஆறு பெண்களும் சேர்ந்து ஒரு பங்குக் கூட்டம். எல்லோரும் மன்னாரிலிருந்து வந்தவர்கள். வந்த நாளிலிருந்து பெருநாளைக்குப் பெருநாள் இன்னொருவர் கொடுத்த இறைச்சியை வாங்கியவர்கள். முதல் தடவையாகக் கொடுக்கப்போகிறார்கள்.

"இத்தன வருஷம் பைய நீட்டினம், தம்பி" என்றார் ராத்தா. "இந்த முற அவங்கட பையில நான் போடுவன்."

இரண்டு கிழமைக்கு முன்பே நாம்பனை வாங்கி வீட்டுக்குப் பின்னால் மாமரத்தில் கட்டினார். எங்கள் ஊரில் வழக்கம் அது. குர்பான் மாட்டை வீட்டில் வைத்துக் கவனித்தால் நன்மை என்று பார்ப்பார்கள். ராத்தா அதைக் கழுவினார். தவிட்டுக் கஞ்சி வைத்தார். வாழைப்பழத் தோலைக் கையால் ஊட்டினார். இரவில் நுளம்புக்குப் புகை போட்டார். ஊர் முழுக்க வந்து பார்த்துப் போனது. நானும் போய்ப் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.

பள்ளிக்கு வந்த மற்ற மாடுகள் அப்படி இல்லை. முதல் நாள் பின்னேரம் ஒன்றாக ஓட்டி வந்து மதரசா வளவில் அடைத்தவை. எல்லாம் வண்ணாத்திவில்லுப் பண்டா ஐயாவின் மாட்டுப் பட்டியில் வாங்கியவை. ராத்தாவின் நாம்பனும் அதே பட்டிதான்.

பெருநாள் காலை மிஸ் மாடியில் இருந்து பார்த்தார். பட்டியிலிருந்து வந்தவை ஒன்றின் பின் ஒன்றாக, மறைப்புக்குக் கட்டிய படங்குக்கு அப்பால் போயின. ஒன்று அறுபடுவதை மற்றது காணக்கூடாது. கத்தியையும் காணக்கூடாது. அது எங்கள் சட்டம். மிஸ் அதைப் பார்த்து எழுதினார். முகத்தில் மாற்றம் இல்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகு ராத்தாவின் நாம்பன் வந்தது. தனியாக, கயிற்றில், ராத்தாவே பிடித்துக்கொண்டு. வாசலில் நின்றுவிட்டது. மூக்கை நிலத்தில் வைத்து ஊதியது. அதற்குத் தெரிந்த மாடு எதுவும் அங்கே அப்போது மிச்சமில்லை. மணம் மட்டும் இருந்தது. இரண்டு பேர் பின்னால் தள்ளினார்கள், ஒருவர் கயிற்றை ராத்தாவின் கையிலிருந்து வாங்கி இழுத்தார். சீமெந்துத் தரை, கழுவிய ஈரம். பின்னங்கால் சறுக்கி விரிந்தது. விழுந்தது. எழும்பியபோது அந்தக் கால் ஊன்றவில்லை.

எல்லோருக்கும் தெரியும், நொண்டி மாடு குர்பானுக்குச் சரிவராது.

மௌலவி அதை நடத்திப் பார்த்தார். மூன்று காலில் வந்தது. ஹாஜியார் மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"டொக்டர் மகள், நீங்க சொல்லுங்க. நொண்டியா, இல்லியா?"

மிஸ் இறங்கி வந்தார். ஏணியடியில் என்னைத் தாண்டும்போது நான் மெல்லக் கேட்டேன். "மிஸ், சும்மா சுளுக்கு எண்டு சொல்லுங்க. ஏழு பெண்கள்."

"நொண்டுது, சரூக். எழுதிட்டன்."

போய்க் காலைத் தடவிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை, தசைநார் இழுபட்டிருக்கிறது என்றார். நொண்டுகிறது என்றும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மதிலுக்கு வெளியே ஒரு பெண் அழத் தொடங்கினார். ராத்தா அழவில்லை.

"ஆனா," என்றார் மிஸ், "தனிய நிக்கிற மாட்டை நடத்திப் பார்த்துச் சொல்றன். அதையும் எழுதியிருக்கிறன். பயந்த மாடு நல்ல காலையும் ஒழுங்கா வைக்காது."

ஒரு மாட்டைப் பற்றி அவர் பயம் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

மௌலவி தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். இளம் ஆள், அவசரப்படாதவர். "எங்கட கிதாபுல நொண்டிக்கு ஒரு அளவு ஈக்கிது" என்றார். "மேய்ச்சலுக்குப் போகக்குள்ள மந்த அத உட்டுட்டு முன்னுக்குப் போயிடணும். மத்ததுகள் நல்ல புல்லுக்குப் போய்ச் சேர, இது பின்னால கிடக்கணும். அதுதான் வெளிப்படையான நொண்டி. கொஞ்சம் காலச் சாய்ச்சு வச்சாலும் மந்தையோட போனா, அது நொண்டி இல்ல."

மிஸ் அவரை உற்றுப் பார்த்தார். "இன்னொருக்காச் சொல்லுங்க, மௌலவி."

மௌலவி சொன்னார்.

"யார் எழுதினது?"

"பழைய இமாம்மார்."

"அவங்க மாடு பார்த்திருக்கிறாங்க" என்றார் மிஸ். பிறகு, "அப்ப ஒரு மந்தை வேணும்" என்றார். "எத்தனை நாள் இருக்கு?"

"நாலாம் நாள் மஃரிபு வரைக்கும் அறுக்கலாம்."

அப்படியென்றால் அன்றையோடு முடியவில்லை. நான்காம் நாள் சூரியன் மறையுமுன் நாம்பன் மந்தையோடு நடந்தால் ஏழு பங்கும் நிறைவேறும். நடக்காவிட்டால், அறுத்தாலும் அது வெறும் இறைச்சிதான். மறுபடி ஒரு மாடு வாங்க அந்தப் பெண்களால் முடியாது.

ராத்தா மதிலடியில் மிஸ்ஸை மறித்தார்.

"நான் என்ன பிழ விட்டன், டொக்டர்? பிள்ள மாதிரிப் பாத்தன்."

"ஓம் ராத்தா. நல்லாப் பார்த்தீங்க. ஆனா அது பிள்ளை இல்லை, மாடு. பட்டியில நாலு பேரோட படுத்து எழும்பினது. நீங்க தனியக் கட்டிட்டீங்க. அதுக்குக் கஞ்சியை விட இன்னொரு மாடு வேணும்."

ராத்தாவின் முகம் இறுகிப்போனது. "கஞ்சி வச்சதும் குத்தமாப் போச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பிறகு மிஸ்ஸோடு பேசவில்லை.

மந்தை கேட்டு நான் போனேன். பண்டா ஐயாவிடம்தான் போகவேண்டும், நாம்பனுக்குத் தெரிந்த மாடுகள் அவரிடம்தான். அது லேசான வேலை அல்ல. அவர் சிங்களவர், விகாரைக்குப் போகிறவர், பௌர்ணமிப் போயா தினத்தில் சில் என்ற விரதம் எடுக்கிறவர். மாட்டை விற்பார், எங்கே போகிறது என்று கேட்கமாட்டார். தரகர் வந்து ஓட்டிப்போவார். அது ஊருக்கே தெரிந்த ஒழுங்கு. அந்த ஒழுங்கை நான் வாய் திறந்து உடைக்கவேண்டும்.

பட்டி வாசலில் குந்தியிருந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"மொகத மல்லி, என்ன தம்பி, பெருநா நாள்ல இங்க?"

"ஐயா வித்த செவலை நாம்பனுக்குக் கால் சுகமில்லை."

"நான் வித்தது மேயிறதுக்கு" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஓம், ஐயா. மேயத்தான். தனிய நிண்டு மேயுதில்லை. ஒரு எட்டுப் பத்து மாடு தந்தா, மூண்டு நாளைக்கு."

துப்பினார். பட்டிக்குள் நின்ற மாடுகளைப் பார்த்தார்.

"கால் சொகமாவறதுக்குத்தானே?"

"கால் சுகமாகத்தான்."

"ஹரி, சரி. அதுக்குத் தாறன். மத்தது ஒண்டும் எனக்குச் சொல்லாத. கேட்டியா? சொல்லாத."

"சொல்லமாட்டன்."

மறுநாள் விடிய அவருடைய ஆள் மாடுகளை ஓட்டி வந்தான். கழுத்தில் மணி கட்டிய கிழட்டுப் பசு முன்னால். மதரசாவுக்குப் பின்னால் இருந்த தென்னங்காணியில் விட்டோம். நாம்பனை அவிழ்த்து உள்ளே விட்டோம்.

பெருநாள் அன்று முழுக்க அது படுக்கவே இல்லை. கஞ்சியைத் தொடவில்லை. வாலை ஒடுக்கிக்கொண்டு மதிலைப் பார்த்தபடி நின்றது. இப்போது மணிப் பசு வந்து அதன் கழுத்தை முகர்ந்தது, பிறகு நக்கியது. நாம்பன் தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. மற்றவை சுற்றி நின்றன. வெயில் ஏற ஏற ஒன்றன்பின் ஒன்றாகத் தென்னை நிழலில் படுத்தன. கடைசியில் நாம்பனும் முன்னங்காலை மடித்தது. பின்னங்காலை ஒரு பக்கமாக விட்டு மெதுவாக இறங்கியது. கொஞ்சநேரத்தில் தாடை அசைந்தது. இரை மீட்டது.

மிஸ் என் முழங்கையைத் தொட்டு அதைக் காட்டினார். வேலையில் அவர் அப்படிச் செய்ததில்லை.

அந்த மூன்று நாளும் அவர் ஒருவரையும் வேலிக்குள் விடவில்லை. எண்ணெய் தடவ வந்தவரைத் திருப்பி அனுப்பினார். ராத்தா கஞ்சி வாளியோடு வந்தார். மிஸ் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராத்தாவும் பார்த்தார். பிறகு வாளியை அப்படியே பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ஊற்றிவிட்டு வேலிக்கு வெளியே குந்தினார். மூன்று நாளும் அங்கேதான் இருந்தார். கருவாடு யார் பார்த்தது என்று தெரியாது.

ஒரு விஷயம் அப்போது என்னைக் கடித்தது, இப்போதும் கடிக்கிறது. அது நன்றாக நடந்தால் அறுபடும். நொண்டினால் நிற்கும். நாங்கள் அதன் காலைச் சுகமாக்கிக்கொண்டிருந்தோம். இதை மிஸ்ஸிடம் கேட்டேன்.

"நான் எல்லா நாளும் இதைத்தானே செய்றன், சரூக்" என்றார். "எத்தனை நாள் இருக்கவேணும் எண்டது என்ட கையில இல்லை. இருக்கிற நாள் எப்பிடி இருக்கவேணும் எண்டதுதான் என்ட வேலை."

"அது உங்களுக்குப் போதுமா, காணுமா?"

"காணாது" என்றார். தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிஸ் எழுதியதைப் பள்ளியில் வந்து வாசித்தார். அறுப்பில் குறை காணவில்லை, மாட்டை முதலில் தனியாகக் கட்டிவைப்பதும் ஈரத் தரையும்தான் பிழை என்று எழுதியிருந்தார். ஹாஜியார் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பெருநாளுக்கு முன் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: மாட்டை வீட்டில் கட்டுவதானால் இரண்டாகக் கட்டுங்கள், ஒரே பட்டியில் வாங்குங்கள். முற்றத்துக்கு மணல் போட்டார்கள். சிலர் இன்னும் தனியாகத்தான் கட்டுகிறார்கள். அந்தக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு யாராவது எங்களுக்கு எதிராகக் கத்துவார்கள் என்று நான் கொஞ்ச நாள் பயந்து திரிந்தேன். யாரும் கத்தவில்லை. யாரும் வாசிக்கவில்லை போலிருக்கிறது. மிஸ் இடம் மாறிப் போனார். பிறகு வந்தவர்களும் நல்லவர்கள். வேலை அதேதான். நானும் ஓய்வு பெற்றேன், மனம் ஓயவில்லை.

நான்காம் நாளுக்கு வருகிறேன்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு எல்லோரும் வந்தார்கள். தென்னங்காணியின் படலைக் கதவிலிருந்து களப்புப் பக்கம் ஓர் இறக்கம். அதன் முடிவில் வேலி, வேலியில் ஒரு மாடு மட்டும் போகக்கூடிய கடவை. கடவைக்கு அப்பால் மழைக்குப் பின் முளைத்த இளம் புல். காலையிலிருந்து மாடுகளை மேய விடவில்லை, பசி இருந்தது.

மிஸ் சட்டம் சொன்னார். "யாரும் ஓட்டக்கூடாது. கூப்பிடக்கூடாது. கை தட்டக்கூடாது. படலையைத் திறப்பம். அவ்வளவுதான்."

மௌலவி தன் சட்டத்தைச் சொன்னார். "கடவையத் தாண்டக்குள்ள இது கடைசியா வந்தா நொண்டி. இதுக்குப் பின்னால ஒண்டாவது வந்தா, மந்த இத உட்டுட்டுப் போகல்ல. நாங்க அறுப்பம்."

"ஒண்டு போதுமா?" என்று ஹாஜியார் கேட்டார்.

"போதும்."

அறுக்கிற இருவரும் மறைவாகப் படங்குக்குப் பின்னால் நின்றார்கள். என்னைக் கடவையடியில் நிறுத்தினார்கள், எண்ணுவதற்கு. மிஸ்தான் சொன்னார், சரூக் எண்ணட்டும் என்று. ராத்தாவின் சொந்த ஊர்க்காரன் என்று யாராவது மறுப்பார்கள் என்று பார்த்தேன். ஹாஜியார் தலையாட்டினார். சுபைதா ராத்தா நடந்து வந்து எனக்குப் பக்கத்தில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றார். மற்ற ஆறு பேரும் மேட்டிலேயே நின்றுவிட்டார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

படலை திறந்தது.

மணி முதலில் கேட்டது. கிழட்டுப் பசு இறங்கியது, அவசரமில்லாமல். அதன் பின்னால் இரண்டு கறுப்பு. பிறகு எல்லாம் ஒன்றாகக் கலந்து புழுதி கிளம்பியது. நாம்பனை எனக்குத் தெரியவில்லை. புழுதிக்குள் சிவப்பு ஒன்று தெரிந்தது, அது வேறு மாடு.

"எங்க தம்பி அது?"

"தெரியல்ல ராத்தா."

மணிப் பசு கடவையைத் தாண்டியது. கறுப்பு இரண்டும் தாண்டின. இன்னொன்று. மேட்டில் மௌலவி நெற்றிக்குக் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் பென்சிலை அசைக்கவில்லை. வெயில் களப்பில் சாய்ந்துவிட்டது, தண்ணீர் கண்ணைக் குத்தியது.

அப்போது தெரிந்தது. இறக்கத்தின் நடுவில், ஒரு பசுவின் விலாவோடு விலா ஒட்டியபடி வந்தது. இடது பின்னங்காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்தது. வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. கடவையடிக்கு வந்ததும் பக்கத்துப் பசு முந்திக்கொண்டது. நாம்பன் நின்றது.

ராத்தா வேலிக் கம்பைப் பிடித்தார். கூப்பிடக்கூடாது என்று அவருக்குத் தெரியும். இரண்டு கிழமையாக அதைக் கூப்பிட்டுப் பழகிய வாய் அது. கூப்பிடவில்லை.

நாம்பன் மூக்கை நீட்டிப் புல் மணத்தை இழுத்தது. தலையைத் தாழ்த்திக் கடவைக்குள் நுழைந்தது. தாண்டியது. எங்களை அது பார்க்கவில்லை. நேரே புல்லுக்குப் போனது.

"அதப் பாக்காத" என்றார் ராத்தா. "பின்னால பாரு, தம்பி. பின்னால எண்ணு."

திரும்பி எண்ணினேன்.

மூன்று.